மாமியைப் பயம் காட்டிப் பறித்த 7,500 ரூபாய்

இரண்டு நாளாக எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

களுவாஞ்சிக்குடியில் இருக்கிற என் மாமி ஓய்வு பெற்ற டீச்சர். நாலைந்து பிள்ளைகளுக்கு வீட்டில் உயர்தர வகுப்பு எடுக்கிறார். பழைய வினாத்தாள் இறக்கவும், பென்ஷன் காசு விழுந்ததா என்று பாங்க் கணக்கைப் பார்க்கவும் ஒரு லெப்டொப் வைத்திருக்கிறார். ஒரு நாள் திரையின் மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி: "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள். வங்கி விவரங்கள் திருடப்படுகின்றன." மூடினால் அடுத்த நிமிடம் திரும்ப வருகிறது. மனுசி பயந்துபோய் பஸ் ஏறி மட்டக்களப்பு டவுனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

"டீச்சர், இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா எல்லாம் போயிருக்கும்" என்றானாம் கடைப் பொடியன். எது போயிருக்கும்? ஒரு அன்டிவைரஸ், வேண்டாத பைல்களைத் துடைக்கிற ஒரு கிளீனர், வேகம் கூட்டுகிறதாம் என்று இன்னொன்று போட்டிருக்கிறார்கள். மொத்தம் 7,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போய்த் திறந்து பார்த்தேன். மெஷின் எழும்ப ஆறு நிமிடம். எழும்பினதும் அதே சிவப்புப் பெட்டி! அது வைரஸே இல்லை. வினாத்தாள் தேடிப் போன ஏதோ ஒரு தளம், "ரோபோ இல்லை என்றால் அலோவ் அழுத்துங்கள்" என்று கேட்க, மாமி அழுத்தியிருக்கிறார். அந்தத் தளம் அனுப்புகிற நோட்டிபிகேஷன்தான் அது. குரோம் செட்டிங்ஸில் அந்தப் பெயரை நீக்கினேன், பெட்டி நின்றுவிட்டது. ஒரு நிமிட வேலை. இது கடையில் ஒருவருக்கும் தெரியாதா, தெரிந்தும் விட்டார்களா? எதுவென்றாலும் எனக்குக் கொதிக்கிறது.

2012 இல் விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து டிபெண்டர் என்ற முழு அன்டிவைரஸ் விண்டோஸோடேயே வருகிறது. சதக் காசு தேவையில்லை. வெளியிலிருந்து இன்னொன்றைப் போட்டால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும். வீட்டில் நின்ற காவல்காரனை நிற்பாட்டிவிட்டு, சம்பளத்துக்கு வேறொருவனை வைத்த கதைதான் இது. பெரிய அலுவலகங்களின் தேவை வேறு, நான் வீட்டு மெஷினைத்தான் சொல்கிறேன்.

அந்த வேறொருவன் நல்லவன் என்றாவது யாரும் பார்த்தார்களா? 2017 இல் சிசிகிளீனர் என்ற பிரபலமான கிளீனரின் அதிகாரபூர்வப் பதிப்புக்குள்ளேயே ஹேக்கர்கள் கள்ள நிரலைச் செருகிவிட்டார்கள். 22 இலட்சத்துக்கும் மேற்பட்ட மெஷின்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. அவாஸ்ட் என்ற அன்டிவைரஸ் கம்பனி, தன்னை நம்பினவர்கள் எந்தெந்தத் தளம் பார்த்தார்கள் என்ற தரவை விற்றதற்காக, 2024 இல் அமெரிக்காவில் 1 கோடி 65 இலட்சம் டொலர் கட்ட வேண்டி வந்தது. விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதி வைக்கிற ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவாக்குகிறோம் என்று வரும் கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசொப்ட்டே எழுதி வைத்திருக்கிறது.

இவ்வளவுக்கும் மேலே ஒரு அநியாயம். டேட்டா மிச்சம் என்று சொல்லி விண்டோஸ் அப்டேட்டை நிற்பாட்டி அனுப்பியிருக்கிறார்கள். 2017 மே மாதம், பைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்ட வானாகிரை என்ற நாசகார நிரல் உலகத்தையே ஆட்டியதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். உண்மையில் காப்பாற்றுகிறதை நிற்பாட்டிவிட்டு, பயத்துக்கு மட்டும் காசு வாங்குகிறீர்களே!

வட்ஸ்அப்பும் சும்மா இல்லை. "இந்தப் படத்தைத் திறந்தால் போன் ஹேக் ஆகும், எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்று குடும்பக் குழுவில் கிழமைக்கு ஒன்று வருகிறது. படித்தவர்களே அனுப்புகிறார்கள்.

மூன்றையும் கழற்றினேன். டிபெண்டரையும் அப்டேட்டையும் போட்டுவிட்டேன். இப்போது மெஷின் ஒரு நிமிடத்துக்குள் எழும்புகிறது. கடைக்குப் போய் வந்த பிறகு இந்த மூன்று கிழமையும் மாமி லெப்டொப்பைத் தொடாமல், வினாத்தாளைக் கையால் எழுதித்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார். மேசையில் அந்தக் கட்டு அப்படியே கிடந்தது.

நேற்று இரவு கோல் எடுத்தார்.

"மகன், அப்டேட் எண்டு ஒண்டு வருது. இதையும் நம்பலாமா?"