'தள்ளுபடி' என்ற சொல்லால் மெயில் ஸ்பாமுக்குப் போகாது

"சப்ஜெக்ட் வரியில் 'இலவசம்', 'தள்ளுபடி' என்று போட்டாலே மெயில் ஸ்பாமுக்குப் போய்விடும்" என்று உங்கள் பதிவில் சொல்லியிருக்கிறீர்கள். அது சரியில்லைங்க. ஒற்றைச் சொல்லை வைத்து ஜிமெயில் முடிவெடுப்பதில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மெயில் உண்மையிலேயே அனுப்புநரிடமிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் அமைப்புகள்) மூன்றையும் அமைத்திருக்க வேண்டும். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. முதலில் அதைப் பாருங்கள்.

தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்கு நான்தான் மெயில் எழுதுகிறேன். 'ஆடித் தள்ளுபடி: காட்டன் சேலை 20% குறைவு, ஞாயிறு வரை' என்று நேராகவே எழுதுவேன். போன் திரையில் வரியின் வால் வெட்டுப்படும், அதனால் தள்ளுபடி முதலில். ஆனால் ஏற்கெனவே நடந்த பேச்சுக்குப் பதில் அனுப்புவது போலக் காட்ட, வரியின் தொடக்கத்தில் 'ரீ:' (Re:) சேர்த்து மட்டும் ஏமாற்றாதீர்கள். திறந்து பார்த்தவர் கோபத்தில் ஸ்பாம் பொத்தானை அழுத்துவார். அந்தப் புகார்தான் அடுத்த மெயிலையும் சேர்த்து ஸ்பாமுக்கு இழுத்துக்கொண்டு போகும்.