பிக் அண்ட் பிளேஸ் மெஷின் பிசிபி தயாரிக்காது

"பிக் அண்ட் பிளேஸ் மெஷின் ஒன்று வாங்கினால் மண்டபம் ஊரிலேயே பிசிபி தயாரிக்கலாம்" என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு. பிசிபி என்பது மின்னணுப் பாகங்களைப் பொருத்தும் செம்புத் தடமுள்ள போர்டு. தயாரான போர்டில் பாகங்களை வைப்பதுதான் அந்த மெஷினின் வேலை. செம்பை அரித்தெடுப்பது, துளைக்கு முலாம் பூசுவது எல்லாம் தனி ஆலை வேலை. செம்புக் கழிவுநீரைச் சுத்திகரிக்க வழியில்லாமல் மன்னார் வளைகுடா ஓரத்தில் அதை நினைக்கவே கூடாது. வெறும் போர்டை வெளியே வாங்கிக்கொண்டு, போர்டில் சால்டர் பசை தடவும் ஸ்டென்சில் பிரிண்டரையும், அதை உருக்கிப் பாகங்களைப் பற்றவைக்கும் ரீஃப்ளோ அடுப்பையும் நாலைந்து பட்டறைகள் பொதுவில் வைத்துக்கொள்வதே நடக்கிற காரியம்.

படகில் ஏறும் போர்டுக்கு, அதன் மேல் ஏற்கெனவே பூசியிருக்கும் பச்சை மாஸ்க் மட்டும் போதாது. பாகங்களின் கால்களை அது மூடாது. பற்றவைத்தபின் மிஞ்சும் ஃப்ளக்ஸ் கசடை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாகக் காயவைத்து, கனெக்டர்களுக்கு டேப் ஒட்டிவிட்டு, ஈரத்திலிருந்து காக்கும் அக்ரிலிக் கோட்டிங்கை 30 முதல் 130 மைக்ரான் கனத்துக்கு அடியுங்கள். கழுவாமல் அடித்தால் கசடு ஈரத்தை இழுத்து, கோட்டிங்குக்கு அடியிலேயே செம்பு பச்சை பூத்துவிடும்.