லெக் பிரஸ்ஸில் 125 கிலோவா? தண்டவாளம் எத்தனை டிகிரி?

சாய்ந்து உட்கார்ந்து, எடைத் தட்டுகள் மாட்டிய வண்டியைக் காலால் தள்ளும் இயந்திரம்தான் லெக் பிரஸ். அதில் எடை நேராக மேலே போவதில்லை, சாய்ந்த தண்டவாளத்தில் ஏறுகிறது. பாரத்தின் ஒரு பங்கைத் தண்டவாளமே தாங்கிக்கொள்கிறது. மிச்சம்தான் காலுக்கு வருகிறது. மொத்த எடையைத் தண்டவாளக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் அந்த மிச்சம் கிடைக்கும்.

தட்டுகள் 80 கிலோ, அவற்றை மாட்டும் வண்டி 45 கிலோ, ஆக 125 என்று வையுங்கள். தரையிலிருந்து 45 டிகிரி என்றால் 0.707ஆல் பெருக்க, 88 கிலோ. 35 டிகிரி என்றால் 0.574, வெறும் 72. சிங்கப்பூரில் தோ பாயோவில் ஒருநாள், ஈசூனில் ஒருநாள் என்று ஆக்டிவ்எஸ்ஜி பொது உடற்பயிற்சிக் கூடங்களை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், ‘இன்னிக்கு உடம்புல தெம்பு இல்ல’ என்று முடிவுகட்டும் முன் கோணத்தைப் பாருங்கள்.

கைபேசியின் மட்டம் பார்க்கும் செயலி போதும். தண்டவாளத்தின் மேல் வையுங்கள், கால் வைக்கும் பலகையின் மேல் அல்ல. கணிப்பான் டிகிரியில் இருக்கட்டும். ரேடியனில் இருந்தால் சைன் 45க்கு 0.85 என்று வரும். நம்பும்படியான எண் என்பதால் ஏமாந்துபோவது எளிது.

வண்டியின் எடை தெரியவில்லையா? ஊருக்குப் பெட்டி கட்டும்போது எடை பார்க்கிறோமே, அந்தக் கொக்கித் தராசு (50 கிலோ வரை தாங்குவது) போதும். தட்டுகளைக் கழற்றி, பாதுகாப்புத் தடுப்பைப் போட்டபடி, தராசை வண்டியில் மாட்டித் தண்டவாளத்துக்கு இணையாக மெதுவாக மேலே இழுங்கள். பிறகு மெதுவாக இறக்குங்கள். ஏறும்போது 35, இறங்கும்போது 29 காட்டினால் சராசரி 32தான் வண்டி காலுக்குத் தரும் பாரம். இதற்குச் சைன்கூட வேண்டாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, அதாவது 3 கிலோ, உராய்வு. தட்டுகள் ஏற ஏற அதுவும் கூடும்.

உராய்வை அலட்சியம் செய்யாதீர்கள். தூசியும் துருவும் பிடித்த தண்டவாளத்தில் தள்ளுவது கடினம், இறக்குவது சுலபம். மெதுவாக இறக்கித் தசையை வேலை வாங்க நினைப்பவருக்கு அது நட்டம்.

எடைக் கம்பி தண்டவாளத்தில் மேலும் கீழும் ஓடும் ஸ்மித் மெஷினில் சாய்வைப் பற்றிக் கவலைப்படுவது வீண். செங்குத்திலிருந்து 7 டிகிரி சாய்ந்தாலும் குறைவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. அங்கே கணக்கைக் கெடுப்பது, சில இயந்திரங்களில் கம்பியின் எடையைக் குறைக்க உள்ளே தொங்கும் எதிர் எடைதான்.

லெக் பிரஸ்ஸில் முதுகுச் சாய்வை மாற்றினால் பாரம் கூடும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். கூடாது. தண்டவாளம் அசையவில்லையே! மாறுவது இடுப்பு மடங்கும் அளவு. அதிகம் நிமிர்த்திவிட்டு ஆழமாக இறக்கினால் இடுப்பு இருக்கையை விட்டு எழும்பி, கீழ்முதுகு வளையும்.