குழுச் செயல்திட்டம்: மீள்சிந்தனையை ஏன் கடைசியில் வைக்கிறோம்?

பள்ளிகளில் குழுச் செயல்திட்டம் என்ற பெயரில் நடப்பவற்றுள் பெரும்பாலானவை, நான்கு பேர் பெயரில் ஒருவர் செய்து முடிக்கும் வேலைதான். நன்றாகப் படிக்கும் பிள்ளை எல்லாவற்றையும் தேடி எழுதிவிடும். கையெழுத்து அழகாக உள்ள பிள்ளை சார்ட்டில் தலைப்பு எழுதும். மூன்றாவது பிள்ளை படங்களை வெட்டி ஒட்டும். நான்காவது பிள்ளை ஸ்கெட்ச் பேனாக்களுக்கு மூடி போட்டு அடுக்கி வைக்கும். எல்லாம் முடிந்த மறுநாள், மீள்சிந்தனை, அதாவது செய்ததைத் திரும்பிப் பார்த்து யோசிப்பது என்ற பெயரில், 'இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது' என்று அரைப்பக்கம் எழுதச் சொன்னால், ஒற்றுமையின் அருமையை உணர்ந்ததாக நால்வருமே எழுதிக் கொடுப்பார்கள். அது உண்மையல்ல என்று எழுதியவர்களுக்கும் தெரியும், திருத்துகிறவருக்கும் தெரியும். ஆனாலும் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் உண்டு.

இதற்குப் பிள்ளைகளின் சோம்பலைக் குறை சொல்வதில் பயனில்லை. மாக்சிமிலியன் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் கயிறு இழுக்கும் சோதனைகளின் முடிவுகளை 1913-இல் வெளியிட்டார். இழுப்பவர்களின் எண்ணிக்கை கூடக்கூட, ஒவ்வொருவரும் சராசரியாகச் செலுத்திய விசை குறைந்துகொண்டே போயிருந்தது. 1979-இல் பிப் லட்டானே என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் கைதட்டவும் கத்தவும் சொல்லிப் பார்த்தபோதும் அதே போக்குத்தான் தெரிந்தது. ஆனால் 1981-இல் அவர்கள் வெளியிட்ட அடுத்த ஆய்வில், கூட்டமாகக் கத்தும்போதும் தம் சத்தம் தனியே அளக்கப்படுகிறது என்று அறிந்தவர்களிடம் இந்தத் தளர்ச்சி காணப்படவில்லை. யார் எதைச் செய்தார் என்பது வெளியே தெரியாத இடத்தில் பெரியவர்களுக்கே கை தளர்கிறது என்றால், பிள்ளைகளை மட்டும் நொந்துகொள்வானேன்?

ஆகவே ஒத்துழைப்பை அறிவுரையால் வரவழைக்க முடியாது. வேலையின் அமைப்பிலேயே அது இருக்க வேண்டும். 1971-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் எலியட் ஆரன்சன் தொடங்கிய ஜிக்சா முறை இதற்கு நல்ல சான்று. பாடத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு பிள்ளையிடம் மட்டுமே இருக்கும். ஒரே பகுதியைப் பெற்றவர்கள் வெவ்வேறு குழுக்களிலிருந்து வந்து கூடிப் படித்துவிட்டு, தத்தம் குழுவுக்குத் திரும்பிச் சொல்லிக் கொடுப்பார்கள். அடுத்தவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்காவிட்டால் பாடம் முழுமையாகாது. இதை வெறும் வேலைப் பிரிவினை என்று எடுத்துக்கொண்டு ஆளுக்கு இரண்டு பக்கம் என்று பங்கு போட்டால், கடைசியில் நான்கு தனிக் கட்டுரைகளைப் பசை போட்டு ஒட்டியதாகத்தான் முடியும்.

இனி, என் முக்கிய மாறுபாட்டுக்கு வருகிறேன். வேலை முடிந்தபின் கேட்கப்படும் மீள்சிந்தனையால் எதையும் மாற்ற முடியாது. ஆகவே அதில் உண்மை பேசுவதால் பிள்ளைக்கு ஆவதும் ஒன்றுமில்லை. அதை வேலையின் நடுவில் வைக்க வேண்டும்.

பள்ளியில் எவ்வளவு தண்ணீர் வீணாகிறது என்று கண்டறியும் செயல்திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை ஒழுகும் குழாயின் கீழே அளவுக் குவளையை வைத்து நிமிடத்துக்கு 40 மில்லி என்று குறித்து வருகிறது. இன்னொரு பிள்ளை அதை 1,440 நிமிடங்களால் பெருக்கி, நாளொன்றுக்கு 57.6 லிட்டர் என்று எழுதுகிறது. அந்தக் கட்டத்தில் ஆசிரியர் வேலையை நிறுத்தி, 'உங்கள் கணக்கில் எந்த எண் மேல் உங்களுக்கு நம்பிக்கை குறைவு, ஏன்?' என்று கேட்டால் போதும். ஒரே ஒரு முறைதான் அளந்தேன் என்று முதல் பிள்ளை சொல்லும். இரவிலும் அதே வேகத்தில் ஒழுகுமா என்ற சந்தேகம் இரண்டாவது பிள்ளைக்கு வரும். மேல்தளத்துக் குழாய்களை யாருமே பார்க்கவில்லை என்று மூன்றாவது பிள்ளைக்கு நினைவு வரும். மறுநாள் வேலையே வேறு திசையில் போகும். நான் மீள்சிந்தனை என்று சொல்வது இதைத்தான்.

கேள்வி வேலையைப் பற்றியதாக இருப்பது முக்கியம். 'குழுவில் எப்படி உணர்ந்தாய்?' என்று கேட்டால் மரியாதையான பொய் வரும். 'யார் வேலை செய்யவில்லை?' என்று கேட்டால் கோள் வரும். 'நேற்று எடுத்த முடிவுகளில் எதை இன்று மாற்றுவீர்கள்?', 'அடுத்து உங்களுக்கு யாரிடமிருந்து என்ன வேண்டும்?' என்பவை போன்ற கேள்விகளுக்குத்தான் பயனுள்ள விடை கிடைக்கிறது. பேசுவதற்கு முன்பு ஒவ்வொருவரும் தனியாக இரண்டு வரி எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் முதலில் வாய் திறந்தவர் கருத்தே குழுவின் கருத்தாகிவிடும்.

முதலில் வாய் திறப்பவர் யார் என்பதும் தற்செயலானதல்ல. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எலிசபெத் கோஹன் இதை நீண்ட காலம் ஆராய்ந்தார். கெட்டிக்காரர் என்று வகுப்பு நம்பும் பிள்ளையே குழுவில் அதிகம் பேசுகிறது, அதிகம் பேசும் பிள்ளையே அதிகம் கற்கிறது. அவர் சொன்ன மாற்றுகளில் ஒன்று, ஒதுங்கி நிற்கும் பிள்ளை உண்மையிலேயே செய்த ஒன்றை, எல்லோர் முன்னிலையிலும், இன்னது என்று குறிப்பிட்டுச் சொல்வது. 'குட், வெரி குட்' என்ற பொதுப் பாராட்டு இதில் சேராது. 'மேல்தளத்தை விட்டுவிட்டோம் என்று இவள் கண்டுபிடித்ததால்தான் உங்கள் கணக்கு சரியாகப் போகிறது' என்று சொன்னால், அடுத்த முறை அவளிடம் கேட்காமல் குழு நகராது.

மதிப்பெண் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு: மீள்சிந்தனைக்கு மதிப்பெண்ணே தரக் கூடாது. மதிப்பெண் உண்டு என்றதும் அது நடிப்பாகிவிடுகிறது. சக மாணவர்களுக்குப் பத்துக்கு எத்தனை என்று பிள்ளைகளையே போடச் சொல்வது அதைவிட மோசம். நட்பும் பழிவாங்கலும்தான் அந்தத் தாளில் மிஞ்சும். குழுவின் படைப்புக்குப் பொதுவாக ஒரு பங்கு மதிப்பெண்ணும், படைப்பைப் பற்றி ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்கும் கேள்விக்கு மறு பங்கும் தந்தால் போதும். அந்தக் கேள்வி, அந்தப் பிள்ளை செய்யாத பகுதியிலிருந்து வர வேண்டும்.

பாடம் முடிக்கவே நேரம் போதவில்லை, இதற்கு எங்கே போவது என்ற ஆசிரியர்களின் கேள்வி நியாயமானது. நடுவே நிறுத்திக் கேட்பதற்குப் பத்து நிமிடம் ஆகும். சார்ட்டின் ஓரத்தில் பூவேலை போடவும், முகப்புத் தாளுக்குப் பளபளப்பு ஒட்டவும் நாம் மறுபேச்சில்லாமல் ஒதுக்கும் பாடவேளைகளிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளலாம்.