செத்த சட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

நம்ம பேராக் சுங்கை சிப்புட் பக்கம் யாரைக் கேட்டாலும் ரப்பர் தோட்டத்து வரலாறு என்றால் வேலை வாங்கிய கங்காணி, வரிசை வீடுகளான லயம், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, துரையின் அதட்டல், அதோடு சரி. தாத்தா பாட்டி சொன்னது அதுதான், தப்பில்லை. ஆனால் அந்தத் துரைமார் சட்டப்படி எதையெல்லாம் செய்தே ஆக வேண்டியிருந்தது என்று கேட்டால் பதில் வராது. அது இன்று ரத்தாகிப்போன பழைய சட்டப் புத்தகங்களில், சட்ட நூலகத்தில் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அகமது இப்ராஹிம் பெயரில் ஒன்று உண்டு, கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகமும் உண்டு. வக்கீலுக்குப் படிக்கிற பிள்ளைகள் மட்டும் போகிற இடம் என்று நாமே முடிவுகட்டி வைத்திருக்கிறோமே, அதுதான் எனக்கு ஆத்திரம்.

தமிழ்ப்பள்ளி நிலப் பிரச்சினையையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டு மலாய் மாநிலங்களின் 1923 தொழிலாளர் சட்டத்தில், 7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தாலே தோட்டம் பள்ளி வைத்தாக வேண்டும். வைத்தார்கள், தங்கள் நிலத்திலேயே ஒரு கொட்டகையைப் போட்டு, எழுத்துத் தெரிந்த கங்காணியையோ தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியையோ வாத்தியாராக்கி. அப்புறம் தோட்டம் கைமாறியது, ரப்பர் போய் செம்பனை வந்தது, சில இடங்களில் வீடமைப்பே வந்துவிட்டது, பள்ளி மட்டும் அடுத்தவர் நிலத்தில் நிற்கிறது. இன்றைக்கும் எத்தனையோ தமிழ்ப்பள்ளிகள் அரசின் முழு உதவி கிடைக்காத 'பகுதி உதவி' பள்ளிகளாகவே இருப்பதற்கு இந்த நிலம்தான் காரணம். தேர்தல் மேடையில் இதை நேற்று நடந்த துரோகம் மாதிரி பேசுகிறார்கள். வேர் நூறு வருஷம் பழையது.

சட்டத்தில் இருந்ததெல்லாம் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அதனால்தான் அந்தக் காலத்துத் தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கையையும், இந்தியத் தொழிலாளர் நலனைக் கவனிக்க மலாயாவில் இருந்த இந்திய அரசு ஏஜெண்டின் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இன்னொன்று, தாத்தா எந்த மாநிலத்தில் வேலை செய்தார் என்று முதலில் தெரிய வேண்டும், அதைப் பொறுத்துத்தான் எந்தச் சட்டம் என்பது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஒரு தொகுப்பு, அதுதான் கூட்டு மலாய் மாநிலங்கள். கெடா, ஜொகூர் தனித்தனி. பினாங்கு வேறு ஆட்சி. இது தெரியாமல் ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிற 'வரலாறு' இருக்கிறதே, சரி விடுங்கள்.

எனக்குப் பிடித்தது ஒரே விஷயத்தைப் பல வருஷத்துச் சட்டப் புத்தகங்களில் துரத்திக்கொண்டு போவது. 1907-ல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஆரம்பிக்கிறார்கள். கூலிகள் எத்தனை நாள் வேலை செய்தார்களோ அந்தக் கணக்குக்கு முதலாளி பணம் கட்ட வேண்டும், கப்பல் செலவு அதிலிருந்து போகும். பாட்டன் கப்பலேறியது யார் தயவாலும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? ஏற்கெனவே வந்தவனின் உழைப்புக் கணக்கில்தான் அடுத்தவன் வந்தான். 1938-ல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியது. நிதி மட்டும் சாகவில்லை, 1958-ல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் மாறி நின்றது, 1999-ல் ஒரு சட்டம் போட்டுத்தான் அதைக் கலைத்தார்கள்.

நீதிமன்றத் தீர்ப்புகளைப் படிக்க 1932-ல் தொடங்கிய மலாயன் லா ஜர்னல் என்ற சட்ட இதழ் இருக்கிறது. அதைத் தொடங்கிய பஷீர் மல்லால் இந்தியாவிலிருந்து வந்து வக்கீல் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். நம்ம ஆட்கள் இதைக் கேட்டாவது கொஞ்சம் தைரியம் கொள்ளலாம்.

இப்போது வயிற்றெரிச்சல். ஒரு வக்கீல் அலுவலகத்தைக் காலி செய்தபோது பழைய சட்டத் தொகுப்புகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். "எல்லாம் ரத்தான சட்டம், எதுக்கு?" என்றார்கள். 1968 வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் வேலை பெர்மிட்டுக்கு அலைந்து, பலர் ஊருக்கே கப்பலேறினார்களே, அன்று அந்தச் சட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்க இன்றைய திருத்திய பதிப்பு போதாது. அந்த வருஷத்துப் புத்தகமேதான் வேண்டும்.

ஈப்போவிலோ தைப்பிங்கிலோ யாராவது ஆபீஸ் மாற்றினால், அலமாரியைக் காலி செய்வதற்கு முன்னால் எனக்கு இன்பாக்சில் ஒரு வார்த்தை போடுங்கள். தெரிந்தவரிடம் வேன் இருக்கிறது, நாங்களே வந்து தூக்கிக்கொள்கிறோம்.