ஆமாம், கப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்தான்

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட, கப்போடு நிற்கும் எங்கள் கிரிக்கெட் டீம் போட்டோவுக்குக் கீழே ஒருவர் கமென்ட் போட்டதும் என்ன நடந்தது என்று எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். "யார் அவர், உங்களுக்கு என்ன முறை" என்று இன்பாக்ஸில் துருவுபவர்கள் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பெயர் சொல்லப் போவதில்லை. சொந்தக்காரர், வயதில் மூத்தவர், அவ்வளவு போதும்.

"அப்பா போய் இன்னும் வருஷம் திரும்பல. அதுக்குள்ள கப்பும் கையுமா என்னா சிரிப்பு! நல்லா இருங்கப்பா."

இதுதான் அவர் எழுதியது. அதற்கு லைக் போட்டவர்களில் பாதிப் பேர் என் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவர்கள். அவர்களுக்கும் என் வணக்கம்.

உடனே பதில் போட்டிருந்தால் வேறு மாதிரி போயிருக்கும். கொஞ்சம் ஆறப்போட்டுத்தான் எழுதுகிறேன். ஆறவில்லை என்பது வேறு விஷயம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கிரிக்கெட் ஆடியதற்கும் அப்பா இறந்ததற்கும் எந்த முரண்பாடும் இல்லை. துக்கம் இருப்பவன் பேட் பிடிக்கலாம். பேட் பிடிப்பவனுக்கும் துக்கம் இருக்கலாம். வருஷம் திரும்பும்வரை மலை ஏறக்கூடாது என்றார்கள், ஏறவில்லை. தீபாவளி கொண்டாடக்கூடாது என்றார்கள், வீட்டில் ஒரு மத்தாப்புகூட கொளுத்தவில்லை, குழந்தைகளைச் சமாதானப்படுத்தியதே பெரும்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாம்பாக்கம் பக்கம் மேட் விரித்து லெதர் பாலில் ஆடக்கூடாது என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது, யாராவது பக்க எண்ணோடு சொல்லுங்கள்.

2024 எனக்கு எப்படிப் போனது என்று நெருங்கியவர்களுக்குத் தெரியும். பிப்ரவரியில் அப்பாவுக்குப் பக்கவாதம், வலது பக்கம். ஜூன் தொடக்கத்தில் போய்விட்டார். ஆகஸ்டில் எனக்கு வேலை போனது. "ரீஸ்ட்ரக்சரிங்" என்றார்கள். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை. அடுத்த வேலை நவம்பரில் கிடைத்தது, சம்பளம் குறைவு. இதற்கு நடுவில் கிரிக்கெட்டிலாவது ஏதாவது நடந்ததா என்றால், சீசன் முதல் பாதியில் நான் அடித்ததைக் கூட்டினால் ஒரு நல்ல பேட்ஸ்மேனின் ஒரு இன்னிங்ஸ் வராது. கிரிக்ஹீரோஸ் ஸ்கோர் ஆப்பில் என் பெயரைத் தேடி அவமானப்பட விரும்புகிறவர்கள் தேடிக்கொள்ளலாம். ஓப்பனிங் இறங்கியவனை ஏழாவது இடத்துக்குத் தள்ளினார்கள். தள்ளியது சரிதான்.

இப்படி ஒரு வருஷத்தில், டிசம்பர் கடைசியில், ஒரு கப் கைக்கு வந்தது. தகரக் கப். கோட்டிங் இப்போதே உரியத் தொடங்கிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அழுதிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். "கப்பு வாங்கிட்டு ஆக்டிங்க பாரு" என்றிருப்பார்.

2006 டிசம்பரில் ஒரு விடியற்காலை விராட் கோலியின் அப்பா இறந்துபோனார். கோலிக்குப் பதினெட்டு வயது. முந்தின நாள் மாலை 40 நாட் அவுட். காலையில் நேராக ஃபெரோஸ் ஷா கோட்லா மைதானத்துக்குப் போய், கர்நாடகாவுக்கு எதிராக 90 அடித்து, ஃபாலோ ஆனிலிருந்து (உடனே மறுபடியும் பேட் பிடிக்க வேண்டிய நிலையிலிருந்து) டீமைக் காப்பாற்றிவிட்டு, அதற்கப்புறம்தான் தகனத்துக்குப் போனார். 1999 உலகக் கோப்பையில் டெண்டுல்கர், அப்பாவின் காரியத்துக்கு மும்பை வந்துவிட்டுத் திரும்பிப் போய், பிரிஸ்டலில் கென்யாவுக்கு எதிராக 140 நாட் அவுட். 2020இல் பவுலர் சிராஜ் இந்திய டீமோடு ஆஸ்திரேலியாவில் இருக்கும்போது அப்பா இறந்த செய்தி வந்தது. அவர் ஊருக்கே வரவில்லை. அந்தத் தொடரில்தான் பிரிஸ்பேனின் கப்பா மைதானத்தில் ஐந்து விக்கெட்.

இதில் கோலி கதையை, பின்னணியில் சூரியோதயம் வைத்து, "கடமையே கண்ணாக" என்று தலைப்புப் போட்டு, எனக்கு வாட்ஸப்பில் ஃபார்வர்ட் செய்ததே இதே சொந்தக்காரர்தான். தேதியோடு இருக்கிறது. கோலி ஆடினால் கடமை. நான் ஆடினால் கொழுப்பு.

"அவங்க நாட்டுக்காக ஆடினாங்க, நீ யாருக்காக ஆடுற?" என்று ஒருவர் கீழே கேட்டிருக்கிறார். கோலி அன்று ஆடியது உள்நாட்டு ரஞ்சிக் கோப்பை, ஐயா. டெல்லிக்காக. டெல்லி ஒரு நாடென்றால் எங்கள் வேளச்சேரியும் ஒரு நாடுதான்.

இன்னொருவர், "அஸ்வினே ரிட்டயர் ஆயிட்டார், நீ இன்னும் ஓடுறியா" என்கிறார். அஸ்வின் 537 டெஸ்ட் விக்கெட் எடுத்திருக்கிறார், பிரிஸ்பேனில் உட்கார்ந்து ஓய்வு என்று அறிவிக்கலாம். நான் எதிலிருந்து ஓய்வு பெறுவது? நான் ஓய்வு அறிவித்தால் எங்கள் டீம் வாட்ஸப் குரூப்பிலேயே இரண்டு பேர்தான் படிப்பார்கள். இந்த வயசில் இந்தியாவுக்கா ஆடப் போகிறாய் என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். பிறகு இந்தியாவுக்கே ஆடிய நடராஜன் டென்னிஸ் பாலில் சின்னப்பம்பட்டியில் ஆடிவிட்டு சென்னைக்கு வந்து லீக்கின் நான்காவது டிவிஷனில் தொடங்கினார். அவரைப் போலவே இந்தியாவுக்கு ஆடிய வருண் சக்கரவர்த்தி ஆர்க்கிடெக்ட் வேலையை விட்டுவிட்டு வந்து நான்காவது டிவிஷனில் சுழற்றினார். சரி. அதே டிவிஷனில் அவர்களுக்குப் பந்து போட்டவர்கள், அவர்களிடம் அவுட் ஆனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் எல்லாரும் திங்கட்கிழமை வேலைக்குப் போனார்கள். நான் அவர்களிலும் கீழே. எங்கள் லீக்குக்கு டிவிஷனே கிடையாது. ஆனால் காலை ஆறரைக்கு டாஸ் போட்டாக வேண்டும், வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். அந்த நாலைந்து மணி நேரம் நான் யாருக்கும் எந்த மெயிலும் அனுப்ப வேண்டியதில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

1986இல் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு டை ஆன டெஸ்ட்டை அவர் நேரில் பார்த்தவர். ஆபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். டீன் ஜோன்ஸ் வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்ததை எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு விருந்தாளிக்கும் சொல்லியிருக்கிறார். கடைசியில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ, அதாவது பந்து பேட்டில் படாமல் காலில் பட்டது என்று அவுட். மறுமுனையில் ரவி சாஸ்திரி 48 நாட் அவுட். "பேட்டுல பட்டுச்சுடா, நான் பாத்தேன்" என்பார். காலரியில் உட்கார்ந்துகொண்டு எப்படிப்பா தெரிந்தது என்று கேட்கக்கூடாது. கேட்டால் அன்றைக்கு இரவுச் சாப்பாடு தாமதமாகும்.

பக்கவாதம் வந்த பிறகு பேச்சு குழறியது. தண்ணீர் என்பது வேறு ஏதோவாக வரும். அம்மா பெயரே சரியாக வராது. ஒருநாள் டிவியில் ஐபிஎல் ஓடும்போது எல்பிடபிள்யூ ரிவ்யூ வந்தது. இவர் கட்டிலில் இருந்து, தெளிவாக, ஒரு எழுத்து பிசகாமல், "பேட்டுல பட்டுச்சுடா" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

பிசியோதெரபிஸ்ட் கையில் பிடித்து அமுக்குவதற்கு ஒரு ரப்பர் பந்து வாங்கச் சொன்னார். நான் என் கிட் பேக்கில் கிடந்த டென்னிஸ் பால் ஒன்றைக் கொடுத்தேன். ரோமம் எல்லாம் தேய்ந்து, ஒரு பக்கம் தார் ரோட்டுக் கறை. வலது கை விரல்கள் மடங்கவே மடங்காது. இடது கையால் ஒவ்வொரு விரலாக எடுத்துப் பந்தின் மேல் வைப்பார். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் கொஞ்சம் அகட்டி வைப்பார். ஆஃப் பிரேக் பிடி. பிசியோதெரபிஸ்ட் விரல்களைச் சேர்த்து வைத்துவிட்டுப் போவார். அவர் போனதும் இவர் திரும்ப அகட்டுவார்.

அந்த மாதங்களிலும் நான் ஞாயிறு ஆடப் போனேன். ஆமாம், போனேன். காலையில் உடம்பு துடைத்துவிட்டு, அம்மாவிடம் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனேன். வாசலில் செருப்பு விடும் சத்தம் கேட்டதும் கட்டிலிலிருந்து கையைக் காட்டுவார். எவ்வளவு அடித்தாய் என்று அர்த்தம். "டக்குப்பா." ஒரு ரன்கூட இல்லை. வாயின் இடது பக்கத்தால் மட்டும் சிரிப்பார். நான் ஆடப் போகாமல் இருந்திருந்தால் அவர் எதற்குச் சிரித்திருப்பார்? கமென்ட் போட்டவர் சொல்லட்டும்.

அவர் இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அன்றைக்கு எங்களுக்கு மேட்ச். விஷயம் குரூப்பில் போனதும் பையன்கள் எதிரணிக்கு வாக் ஓவர் கொடுத்துவிட்டு கிரவுண்டிலிருந்து அப்படியே வந்தார்கள். மாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை, முதுகில் நம்பர் போட்ட ஜெர்சியோடு வந்தார்கள். ஃப்ரீஸர் பாக்ஸை மாடிப்படியில் ஏற்றியது எங்கள் இரண்டு ஓப்பனிங் பவுலர்கள். ஷாமியானாவுக்கு, வண்டிக்கு, பூவுக்கு அலைந்தது எங்கள் கீப்பர். டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்க நின்றது ஒரு பையன், அவனுக்கு அப்போது இருபத்தோரு வயது, அதுவரை சாவு வீட்டுக்கே போனதில்லையாம். அந்த வாக் ஓவரில் போன பாயின்ட்டால் கடைசி மேட்ச் வரைக்கும் நாக் அவுட்டுக்குத் தொங்கினோம். ஒருத்தன்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை.

அன்றைக்கும் நம் சொந்தக்காரர் வந்திருந்தார். வந்து, "சாவு வீட்டுக்கு ஜெர்சியோடவா வர்றது, காலம் கெட்டுப் போச்சு" என்றார். பாடை தூக்கும்போது அவருக்கு முதுகு வலி. பதினாறாம் நாள் வந்தார். அப்பளம் நமுத்துவிட்டது என்றார். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை அப்பாவைப் பார்க்க வந்தது எப்போது என்று அவரே யோசித்துக்கொள்ளட்டும், நான் கேட்கவில்லை.

இல்லை, கேட்கிறேன். எப்போது வந்தீர்கள்?

சரி, மற்ற கேள்விகள். "வேலை இல்லாதப்ப கிரவுண்டுக்குக் காசு எங்கேர்ந்து வந்துச்சு?" நியாயமான கேள்வி என்று நினைத்துக் கேட்கிறார்கள். என்னிடம் அந்த மாதங்களில் யாரும் பங்கு வாங்கவில்லை. நான் கொடுத்தபோது கேப்டன், "ண்ணா, அடுத்த சீசன்ல சேத்து வாங்கிக்கறேன், போய் பேடைக் கட்டுங்க" என்றான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். டீமில் யாரும் எனக்கு வேலை வாங்கித் தரவில்லை, ரெஸ்யூமை இரண்டு இடத்தில் அனுப்பினார்கள், ஒன்றும் வரவில்லை. கதை அப்படி அழகாக முடியவில்லை, மன்னிக்கவும்.

"வீட்டுல பொண்டாட்டி தனியா எல்லாத்தையும் பாத்துக்கணும், இவர் ஆட்டம் ஆடுவார்" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அது எங்கள் வீட்டு விஷயம், நாங்கள் பேசிக்கொள்கிறோம். முட்டி தேயும், நெஞ்சு வலி வரும் என்பவர்களுக்கு: சோபாவில் உட்கார்ந்தே போனவர்களும் இருக்கிறார்கள். "ஆடறது சரி, போட்டோ எதுக்குப் போடணும்?" நீங்கள் போட்ட ஊட்டி போட்டோவுக்கு நான் ஹார்ட் போட்டேனே, அதற்காக.

ஒன்று மட்டும் திரும்பச் சொல்கிறேன், புரியாதவர்களுக்காக. துக்கம் அனுசரிப்பது என்றால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊர் பார்க்கிற மாதிரி உட்கார்வது என்று நினைப்பவர்களுக்காக. ஜூன் 29, டி20 உலகக் கோப்பை ஃபைனல். பதினாறு முடிந்து கொஞ்ச நாள்தான். டிவிக்குத் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். எட்டு மணிக்கு அம்மாதான், "போடுடா, அவர் இருந்தா பாத்திருப்பார்" என்றாள். கடைசி ஓவரில் சூர்யகுமார் எல்லைக் கோட்டில் அந்தக் கேட்ச்சைப் பிடித்தபோது அம்மா கை தட்டினாள். வெள்ளைப் புடவை மாதிரி ஏதாவது எதிர்பார்த்தீர்களா? பூப்போட்ட நைட்டி. கை தட்டிவிட்டு அழுதாள். இரண்டும் ஒரே நிமிஷத்தில் நடந்தது. அம்மாவையும் ஒரு போட்டோ எடுத்துப் போட்டிருக்க வேண்டும். அதற்கும் கமென்ட் வந்திருக்கும்.

எங்கள் லீக் ஃபைனல் டிசம்பர் முதல் ஞாயிறு நடந்திருக்க வேண்டியது. ஃபெஞ்சல் புயலில் கிரவுண்ட் குளமாகி, தள்ளித் தள்ளி, மார்கழிப் பனியில் நடந்தது. மேட் நனைந்து பந்து வழுக்கியது. நான் 31 அடித்தேன். பெரிய ஆட்டம் இல்லை. அதில் ஒரு நாலு எட்ஜ், ஸ்லிப்பில் ஆள் இல்லாததால் போனது. மணிந்தர் மாதிரி யாரும் சந்தேகப்படத் தேவையில்லை, பேட்டில் பட்டது நிச்சயம். ஜெயித்துக் கொடுத்தது அந்தச் சர்டிபிகேட் வாங்க நின்ற பையன், கடைசி ஓவரில். எல்லாரும் கப்பை அவனிடம் கொடுத்தார்கள். அவன் கொண்டு வந்து என் கையில் வைத்து, "நீங்க பிடிங்கண்ணா, போட்டோவுக்கு" என்றான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? வேண்டாம் தம்பி, வருஷம் திரும்பட்டும் என்று சொல்லியிருக்க வேண்டுமா?

அந்த கமென்ட்டை நான் அழிக்க மாட்டேன். அவரே அழித்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. கீழே எழுதுபவர்கள் எழுதுங்கள், அவரைத் திட்ட வேண்டாம், குறிப்பாகக் கெட்ட வார்த்தை வேண்டாம். அம்மா இப்போது ஃபேஸ்புக்கில் இருக்கிறாள், எல்லாவற்றையும் படிக்கிறாள்.

அப்புறம், வரும் ஞாயிறு மாம்பாக்கத்தில் மேட்ச், காலை ஆறரை. எங்கள் இடது கை ஸ்பின்னர் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறார். லெதர் பாலில் லைனில் போடத் தெரிந்த யாராவது இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். வெள்ளை பேன்ட் கட்டாயம்.