இடது பக்கம் நின்றால் லார்க். அவ்வளவுதான்!

காண்ட்ரா என்பது மைக்கில் ஒருவர் சொல்லச் சொல்ல ஜோடி ஜோடியாக வரிசையில் நின்று ஆடும் நாட்டுப்புற நடனம். சனிக்கிழமை அந்த ஹாலில், ஆண்கள் இடம் என்று பழகிப்போன இடது பக்கத்தில் நான் நின்றதற்கு ஒரு பெரியவர் என்னைக் கேட்ட கேள்வியைப் போன பதிவிலேயே சொல்லிவிட்டேன். திரும்பச் சொன்னால் பிபி ஏறும். "பெரியவர், விட்டுடுங்க" என்று இன்பாக்ஸில் வந்து சமாதானம் பேசுகிறவர்களுக்காக இது.

ஜென்ட்ஸ், லேடீஸ் என்று கூப்பிட்டதற்குப் பதிலாக வந்த இரண்டு பறவைப் பேர்கள் இவை: லார்க் என்றால் இடது பக்கம் நிற்கிறவர், ராபின் என்றால் வலது பக்கம். ஆங்கிலத்தில் லெஃப்டுக்கும் லார்க்குக்கும் ஒரே முதலெழுத்து. ரைட்டுக்கும் ராபினுக்கும் அப்படியே. ஜோடி சுற்றி முடித்ததும் யார் எந்தப் பக்கம் நிற்பது என்பதற்குத்தான் அந்தப் பேர். யாருடைய ஆண்மையையும் யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை.

2015இல் மாசசூசெட்ஸில் நான் முதன்முதலாக ஆடப் போன அன்று ஆண்கள் குறைவு. ஒரு பாட்டி என்னைக் கொண்டுபோய் ஆண்கள் இடத்தில் நிறுத்தினார். மைக்கில் "ஜென்ட்ஸ்" என்று சொல்லும்போதெல்லாம் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று மரமாக நிற்பேன். வருகிறவர்கள் என்மேல் மோதுவார்கள். "நீதான்மா ஜென்டில்மேன்!" எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். பள்ளியில் கோலாட்டம் ஆடியபோது எங்கள் டீச்சர் உள்வட்டம், வெளிவட்டம் என்றுதான் சொல்வார். பாதிப் பிள்ளைகளை "ஆம்பளைங்க" என்று கூப்பிட்டிருந்தால் அம்மாக்கள் பள்ளிக்கே வந்திருப்பார்கள்.

பாரம்பரியமாம். 1651இல் இங்கிலாந்தில் பிளேஃபோர்டு என்பவர் வெளியிட்ட நடனப் புத்தகத்திலேயே ஆண், பெண் என்றுதான் இருக்கிறதாம். இருக்கட்டும். நீங்கள் உயிரை விட்டு ஆடுகிறீர்களே ஸ்விங், ஜோடியாகப் பிடித்துச் சுற்றுவது, அது அந்தப் புத்தகத்தில் இருக்கிறதா? மைக்? உங்கள் அரைக்கால் சட்டை? 1980களின் கடைசியிலேயே பாஸ்டனின் ஜமைக்கா ப்ளெயின் பகுதியில் ஆண், பெண் என்று சொல்லாமல், கையில் பட்டை கட்டியவர், கட்டாதவர் என்று பிரித்து ஆடினார்கள். அதுவும் இப்போது பழைய கதைதான், ஐயா.

பறவைப் பேர் சிரிப்பாக இருக்கிறதா? காண்ட்ராவில் ஒரு சுற்றுக்கே பெட்ரோனெல்லா என்று பெண் பேர்; அதைச் சொல்லிச் சுற்றும்போது சிரிப்பு வரவில்லையே.

எழுபது வயதில் காதுக்குப் பழகியதை மாற்றுவது கஷ்டம் என்கிறார்கள். அது நியாயம். வலது பக்கத்துக்கு முதலில் ரேவன் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு அப்புறம் ராபின் ஆக்கியபோது நானே குழம்பினேன். ஆனால் குழம்புகிறவர் "எங்கே நிற்கணும்?" என்று கேட்பார். இடது பக்கம் நின்ற என்னைப் பார்த்து, "எங்க ஆட்டம் உனக்கு எப்படிம்மா புரியும்" என்று கேட்க மாட்டார்.

எங்க ஆட்டம்! பத்து வருடமாக ஆட்டம் முடிந்ததும் அந்த ஹாலில் நாற்காலி அடுக்குகிறவள் நான். பனி கொட்டின இரவில் இதே மனிதரை வீடுவரை கொண்டுபோய் விட்டிருக்கிறேன். அப்போது யாருடைய ஆட்டம் என்று அவர் கேட்கவில்லை. பேர் மாறினால் ஆட்டம் செத்துவிடும் என்கிறவர்கள், ஆள் மாறினால் என்ன சொல்வார்கள் என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமையும் வருவேன். இடது பக்கம்தான் நிற்பேன். முதல் ஆட்டத்துக்கு எனக்கு ஒரு ராபின் வேண்டும். யார் வருகிறீர்கள்?